வைகை அணைத் தண்ணியும் ரெண்டு புலிக்காடும்

கொஞ்ச நாள் முன்னாடி ஆபீஸ்ல ஒருத்தர் கென்யா போய்ட்டு வந்தார். ஏழு நாள் சஃபாரி. வந்த மறுநாளே எங்களை எல்லாம் மீட்டிங் ரூமுக்குள்ள தள்ளி, கதவைச் சாத்தி, படம் போட ஆரம்பிச்சுட்டார். சிங்கம், சிறுத்தை, ஆத்தைக் கடக்கிற காட்டு மாட்டுக் கூட்டம், ஜீப்புக்கு மேல தலையை நீட்டிக்கிட்டு இவர்... ஆணி புடுங்கிக் காய்ஞ்சு போயிருந்த கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பொறாமை இல்லைன்னு சொன்னா பொய். முடிச்சுட்டு என்னைப் பார்த்து, "உங்க ஊர்ப்பக்கம் பாக்க என்னப்பா இருக்கு?"ன்னார். யோசிக்காம "வைகை அணை"ன்னுட்டேன். ரூமே சிரிச்சுருச்சு.

சிரிக்கத்தான் செய்வாங்க. வைகை அணைன்னா என்ன? ஆண்டிப்பட்டிப் பக்கம் ஒரு அணை. ரெண்டு கரையிலயும் பூங்கா. ஞாயித்துக்கிழமை வேன்ல வந்து இறங்குற கூட்டம், வெளியில சுடச்சுடப் பொரிச்ச மீன். எங்க பள்ளிக்கூடத்துல அஞ்சு வருஷத்துல நாலு டூர் அங்கதான். (அஞ்சாவது வருஷம் டூரே இல்ல.) ஆனா அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சப்ப, நான் சொன்னது ஒண்ணும் தப்பான பதில் இல்லைன்னு தோணுச்சு. அந்த அணையில நிக்கிற தண்ணியோட காலைப் பிடிச்சுக்கிட்டே மேல ஏறினா ரெண்டு புலிகள் காப்பகத்துல போய் முடியும். ஒண்ணுல நானே மூணு நாள் நடந்திருக்கேன். அதைப் பத்தி வெளிய அதிகம் பேசுனதில்ல. ஏன்னு கடைசில சொல்றேன்.

முதல்ல தண்ணிக் கணக்கு. வைகை அணைக்கு வர்ற தண்ணியில ஒரு பங்கு மூல வைகை. வருசநாட்டு மலையில பொறந்து கடமலைக்குண்டு வழியா வர்றது. பேருக்குத்தான் இது வைகை, வருஷத்துல பாதி நாள் மணல்தான் ஓடும். போடி மலையில இருந்து கொட்டக்குடி ஆறு வரும். ஆனா அணையை நிறைக்கிறது பெரியாத்துத் தண்ணி. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கிட்டிருந்த ஆத்தை மறிச்சு, மலையைக் குடைஞ்சு, கிழக்கே நம்ம பக்கம் திருப்பிவிட்ட தண்ணி. சுரங்கம் தாண்டி லோயர் கேம்ப்ல மின்சாரம் எடுத்துட்டு, வைரவனாறு, சுருளியாறுன்னு கலந்து கூடலூர், கம்பம், சின்னமனூர் வயலெல்லாம் நனைச்சுட்டு, தேனிக்குப் பக்கத்துல வைகையோட சேருது.

இந்த யோசனை பென்னி குக்குக்கு முன்னாடியே இருந்தது. 1789லயே ராமநாதபுரம் சேதுபதியோட மந்திரி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்திருக்கார். செலவு தாங்காதுன்னு விட்டாச்சு. 1808ல கால்டுவெல்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி மேல போய்ப் பார்த்துட்டு இது நடக்கவே நடக்காதுன்னு எழுதிட்டார். (ப்ராஜெக்ட் மேனேஜர்னா அப்பவும் இப்படித்தான் போல.) அப்புறம் 1886 அக்டோபர் 29ல திருவிதாங்கூரோட 999 வருஷக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபா. 1887ல வேலை ஆரம்பம், 1895 அக்டோபர்ல திறப்பு. காய்ச்சல், காலரா, கட்டுனதை அடிச்சுக்கிட்டுப் போன வெள்ளம் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். பென்னி குக் படம் மாட்டாத டீக்கடை எங்க ஊர்ல கம்மி. அதனால அதுக்குள்ள ரொம்பப் போகல. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அணைக்குச் சுண்ணாம்பு போனது இங்கேருந்து, லோயர் கேம்ப் பக்கத்துக் குருவனூத்துலருந்து. மேல ஏத்துறதுக்குக் கம்பிவடம் போட்டாங்க. மலைக்கு மேல இருக்கிற அந்தச் சுவருக்குள்ள இருக்கிறது எங்க பள்ளத்தாக்குக் கல்லு.

எனக்கு சுவாரஸ்யமா இருக்கிறது இதுக்கு அடுத்து நடந்தது. அணை கட்டி முடிச்சதும் 26 சதுர கிலோமீட்டர் காடு தண்ணிக்குள்ள போச்சு. நின்ன வாக்குலயே மரங்கள் முங்கிச்சு. தேக்கடியில படகுல போனவங்க பார்த்திருப்பீங்க, ஏரி நடுவுல கறுப்பா மொட்டை மரம் நிக்கும், மேல நீர்க்காகம் ரெக்கையை விரிச்சுக் காய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். அந்த மரமெல்லாம் 1895ல செத்தது. நூத்தி முப்பது வருஷமா நின்னுக்கிட்டே இருக்கு.

காட்டைக் கொன்னு உண்டான ஏரிதான் மிச்சக் காட்டைக் காப்பாத்துச்சு. இது நான் அடிச்சுவிடற தத்துவம் இல்லீங்க, தேதியைப் பாருங்க. ஏரி வந்து நாலே வருஷத்துல, 1899ல, ஏரியைச் சுத்தியிருக்கிற காட்டை திருவிதாங்கூர் அரசு பெரியாறு ஏரிக் காடுன்னு ஒதுக்கிருச்சு. 1933ல ராபின்சன்னு ஒருத்தரை விலங்குக் காப்பாளரா நியமிச்சாங்க. 1934ல நெல்லிக்காம்பட்டி சரணாலயம். எடப்பாளையத்துல மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு ஏரிக்கரையில கோடை அரண்மனை (இப்ப அது ஓட்டல், வாடகையைக் கேட்டா மயக்கம் வரும்). 1950ல எல்லாத்தையும் சேர்த்து 777 சதுர கிலோமீட்டர்ல பெரியாறு சரணாலயம், 1978ல புலிகள் காப்பகம், 1982ல உள்பகுதி தேசியப் பூங்கா. சுத்தி இருந்த மலையெல்லாம் டீ, ஏலம், காப்பின்னு மொட்டையடிச்ச காலத்துல இது மட்டும் தப்பிச்சது பெரும்பாலும் ஏரிக்குத் தண்ணி வரணும்ங்கிற கவலையாலதான்னு நான் நினைக்கிறேன். மதுரைக்காரன் நெல் வெதைக்க ஆசைப்பட்டதால கேரளாவுக்குப் புலி மிஞ்சுச்சு. ரெண்டு பக்கமும் இதைச் சொன்னா அடிக்க வருவாங்க.

சஃபாரின்னு சொன்னோமே, அது சுவாஹிலி வார்த்தை. அரபு 'சஃபர்'லருந்து வந்தது, வெறும் பயணம்னு அர்த்தம். அதுக்குத் துப்பாக்கி வாசனை வந்தது வெள்ளைக்காரங்களால. 1909ல அமெரிக்க முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட் மகனையும் கூட்டிக்கிட்டு கிழக்கு ஆப்பிரிக்கா போனார். அப்பனும் மகனுமா சுட்டது 512 விலங்கு. அப்புறம் துப்பாக்கி போய் கேமரா வந்துச்சு. செரங்கெட்டி 1951ல தேசியப் பூங்கா ஆச்சு. 1959ல அங்கே மாடு மேய்ச்சுக்கிட்டிருந்த மசாய் மக்களை வெளியேத்தி பக்கத்துல கோரோங்கோரோவுக்கு அனுப்பினாங்க. அதே 1959 ஜனவரியிலதான் இங்க வைகை அணை திறந்தாங்க. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா நம்ம பக்கமும் காட்டுக்குள்ள இருந்தவங்க கீழ வந்த கதை உண்டு. மன்னான், பளியர்னு ரெண்டு பழங்குடிகள். குமுளியில இன்னிக்கும் மன்னாக்குடி, பளியக்குடின்னு அவங்க குடியிருப்பு இருக்கு. மன்னான்கள் தங்களோட முன்னோர் மதுரைப் பக்கத்துலருந்து வந்தவங்கன்னு சொல்லிக்குவாங்க. அவங்களுக்கு ஏரியில மீன் பிடிக்கிற உரிமை இருக்கு. நம்ம படகுல போறப்ப மூங்கில் தெப்பத்துல தூரத்துல தெரியிறது பெரும்பாலும் அவங்கதான்.

இப்ப அந்த மூணு நாள்.

தேக்கடியில படகுல ஒன்றரை மணி நேரம் சுத்திட்டு வர்றதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச சஃபாரி. (அந்தப் படகுப் பேச்சு வந்தாலே 2009 செப்டம்பர் 30 ஞாபகம் வரும். ஜலகன்யகா கவுந்து 45 பேர் போனாங்க. விலங்கு தெரியுதுன்னு எல்லாரும் ஒரே பக்கம் சாய்ஞ்சாங்கன்னு அப்ப பேசிக்கிட்டாங்க.) படகு இல்லாம இன்னொண்ணு இருக்கு. டைகர் டிரெய்ல்னு பேரு. காட்டுக்குள்ள நடந்து போய், கூடாரத்துல தங்கி வர்றது. ஜீப் கிடையாது. நாங்க அஞ்சு பேர், வழிகாட்டிங்க அஞ்சு பேர், துப்பாக்கியோட ஒரு வனக்காவலர். காலையில ஏரியைத் தாண்டி அக்கரையில இறங்கினதும் முழங்கால் வரைக்கும் துணி உறை மாட்டச் சொல்லி, மேல மூக்குப்பொடியைத் தூவி விட்டாங்க. அட்டைக்கு. அப்படியும் எனக்கு ஏழு கடி.

கென்யா படத்துல மாதிரி வரிசையா வந்து போஸ் கொடுக்கிற சமாச்சாரமெல்லாம் இங்க இல்ல. அது புல்வெளி, பத்து கிலோமீட்டர் தள்ளி நிக்கிறது தெரியும். இங்க பத்தடி தள்ளி நின்னா தெரியாது. முதல் நாள் பூரா நாங்க பார்த்தது மிளா ரெண்டு, மலை அணில், கருமந்தி சத்தம், யானை லத்தி. லத்திதான் நிறைய. ஒருத்தர் அதைக் கையில எடுத்துப் பிச்சு "காலம்பற போட்டது"ன்னார். ரெண்டாம் நாள் எதிர்க்கரையில பதினோரு யானை, குட்டியோட. அப்புறம் காட்டு மாட்டுக் கூட்டம் ஒண்ணு, நீர்நாய் குடும்பம் ஒண்ணு. புலி? ஈரமண்ணுல காலடி, மரத்துல நகம் கீறின தடம். அவ்வளவுதான். எங்களைப் பார்த்திருக்கும்னார் காவலர். ராத்திரி கூடாரத்தைச் சுத்தி யானை தாண்டாதபடிக்குப் பள்ளம். அதுக்கு அந்தப்பக்கம் ஏதோ மூச்சு விடுது. இந்தப்பக்கம் நான் மூச்சே விடல.

விஷயம் விலங்குங்க இல்ல, கூட வந்தவங்க. இந்த டைகர் டிரெய்லை நடத்துறது முன்னாடி இதே காட்டுல திருடினவங்க. காட்டு லவங்க மரத்தோட பட்டையை உரிச்சு விக்கிறவங்க, மலையாளத்துல வயணப் பட்டை. மரத்தை வெட்டிச் சாய்ச்சுப் பட்டையை உரிச்சு, காட்டுக்குள்ளயே நாள்கணக்கா தங்கிக் காய வெச்சு, சுமந்து கீழ இறக்குவாங்க. சாப்பாட்டுக்கு மிளாவையோ காட்டு மாட்டையோ அடிப்பாங்க. 1990கள் வரைக்கும் காட்டிலாகா பிடிக்கிறதும் கேஸ் போடுறதும், இவங்க ஜாமீன்ல வந்து கோர்ட் செலவுக்குத் திரும்ப மரம் வெட்டப் போறதுமா ஒரே சுத்து. 1996ல உலக வங்கிப் பணத்துல சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒண்ணு வந்துச்சு. அப்ப இருந்த அதிகாரிங்களுக்கு ஒரு யோசனை. காட்டுல எந்தத் தடம் எங்க போகும்னு இவங்களை விட யாருக்குத் தெரியும்? இருபத்து மூணு பேரு, கேஸையெல்லாம் விட்டுடறோம், நீங்க காவல் காருங்க, டூரிஸ்டைக் கூட்டிட்டுப் போங்கன்னு ஒப்பந்தம். ஆயுதத்தைக் கொடுத்தாங்க, பழைய கூட்டாளிங்க யார் யார்னும் சொன்னாங்க. அப்புறம் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கத்துத் தமிழ் ஆட்களுக்கும் இதே மாதிரி ஒரு குழு. மாட்டு வண்டியில நம்ம ஊர் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வெள்ளைக்காரங்களுக்குச் சுத்திக் காட்டுறது அவங்க வேலை. 2002லருந்து பெண்கள் ஒரு குழு, வசந்த சேனைன்னு பேரு, கூலி வாங்காம முறை வெச்சுக் காட்டுல ரோந்து போறாங்க.

இதெல்லாம் எதுக்கு அவ்வளவு அவசரம்னா, அந்தக் காலத்துல தந்தத்துக்காகக் கொம்பனுங்களைக் கொன்னுக் கொன்னு, ஏறக்குறைய நூறு பெண் யானைக்கு ஒரு வளர்ந்த ஆண்ங்கிற கணக்குக்குப் பெரியாறு வந்திருந்துச்சு.

சரி, கொசுவத்தியைச் சுத்திடறேன். எங்க அம்மாச்சி வீடு கூடலூர். தாத்தா நான் ஆறாவது படிக்கிறப்ப போய்ட்டார். அவரு என்ன வேலை பார்த்தார்னு கேட்டா, "மலைக்குப் போவாரு"ன்னுதான் பதில். சின்ன வயசுல எனக்கு அது 'ஆபீஸ் போவாரு' மாதிரி ஒரு வேலை. அவரோட டிரங்குப் பெட்டியைத் திறந்தா கும்முன்னு பட்டை வாசனை அடிக்கும். இடது கால் கொஞ்சம் இழுத்து நடப்பார். யானை துரத்தி விழுந்ததுன்னு ஒரு கதை, கார்டு அடிச்சதுன்னு பெரிய மாமா ஒரு தடவை தண்ணியைப் போட்டுட்டுச் சொன்ன இன்னொரு கதை.

ரெண்டாம் நாள் ராத்திரி, கஞ்சி குடிச்சுட்டு நெருப்புக்குப் பக்கத்துல உக்காந்திருந்தப்ப, வழிகாட்டிகள்ல மூத்தவர் சுருட்டி எடுத்த ஒரு துண்டுப் பட்டையை என் கையில கொடுத்தார். "மோந்து பாருங்க தம்பி." பாதி மலையாளம் கலந்த தமிழ். மோந்தேன். டிரங்குப் பெட்டி. கண்ணு கலங்கிருச்சு, புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன். கூட வந்த நாலு பேரும் ஐ.டி. பசங்க, அவங்க முன்னாடி எங்க தாத்தா காட்டுல திருடினவர்னு சொல்ல வாய் வரல. அவங்க கூடாரத்துக்குள்ள போனதுக்கப்புறம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படல. "கூடலூரா? அந்தக் கரையில நெறைய ஆள் உண்டு"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கு இருபத்தஞ்சு வருஷமா சம்பளம் வருது. உங்க தாத்தாவுக்கு அந்த யோகம் இல்லாமப் போச்சு, பத்து வருஷம் முந்திப் போய்ட்டாரு. அவ்வளவுதான் வித்தியாசம்"னார். மரத்தை வெட்டினது தப்பாங்கிற மாதிரி ஏதோ கேட்டேன். படிச்ச பையன் கேக்குற கேள்வி. "ஒரு மரத்துக்கு இருபது கிலோ கிடைச்சா பெருசு தம்பி. எத்தனை மரம்னு நான் எண்ணல. இப்ப நடக்குறப்ப எண்ணிக்கிட்டே வர்றேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போய்ட்டார்.

இதான் நான் பேசாம இருந்ததுக்குக் காரணம். தாத்தாவைக் குத்தவாளியாக்கவும் மனசு வரல, காட்டுராஜான்னு கொண்டாடவும் வரல. அந்தப் பட்டைக் காசுலதான் எங்க அம்மா பத்தாவது வரைக்கும் படிச்சாங்க, அவங்க படிச்சதாலதான் நான் இன்ஜினியரிங் படிச்சு இங்க பொட்டி தட்டிக்கிட்டிருக்கேன். கணக்கு எங்க போய் முடியுதுன்னு பாருங்க.

ரெண்டாவது புலிக்காட்டைச் சொல்லணும்ல. மூல வைகை பொறக்கிற மேகமலை, வருசநாடு, திருவில்லிபுத்தூர் காட்டையெல்லாம் சேர்த்து 2021 பிப்ரவரியில புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்க. இந்தியாவுல 51வது, தமிழ்நாட்டுல 5வது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல. காடு பிழைச்சா வைகையில தண்ணி வரும்ங்கிறது சொன்ன காரணங்கள்ல ஒண்ணு. ஆக வைகை அணையில நிக்கிறதுல பெரும்பங்கு இப்ப அதிகாரபூர்வமா புலிக்காட்டுத் தண்ணி. அதே சமயம் மேல இருக்கிற கிராமத்துல மலைமாடு வளர்க்கிறவங்க வயித்துல புளி. 2022ல உயர் நீதிமன்றம் காட்டுல மேய்ச்சலுக்குத் தடை போட்டு, அப்புறம் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் மட்டும்னு குறைச்சது. மேகமலைக்காரங்களுக்கு அந்தக் குறைப்பால ஒரு பிரயோஜனமும் இல்ல, அவங்க இருக்கிறதே புலிகள் காப்பகத்துலதானே. இவங்களுக்கும் யாராவது அந்த இருபத்து மூணு பேருக்குச் செஞ்ச மாதிரி ஒரு யோசனை வெச்சிருக்காங்களான்னு தேடினேன். எனக்குக் கண்ணுல படல.

எல்லையெல்லாம் நமக்குத்தான், யானைக்கு இல்லைங்கிறதை 2023ல அரிக்கொம்பன் வந்து காட்டிட்டுப் போச்சு. ஏப்ரல் 29ல சின்னக்கானல்ல பிடிச்சு, கழுத்துல ரேடியோ பட்டை மாட்டி, பெரியாறு காட்டுக்குள்ள விட்டாங்க. அது நேரா மேகமலைப் பக்கம் வந்து, மே 27 காலையில கம்பம் டவுனுக்குள்ளயே இறங்கிருச்சு. எங்க பெரிய அத்தை வீடு கம்பத்துல. போன் பண்ணினா, "கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கெடக்கோம், வெளிய கவர்மெண்டு 144 போட்ருக்கு, நீ ஊர்ப்பக்கம் வந்துறாத"ன்னாங்க. ட்ரோன் பறக்கவிட்டதுல அது மிரண்டு ஓடினதா செய்தி வந்துச்சு. அது தள்ளி விட்டதுல ஒருத்தர் செத்தும் போனார். ஜூன் 5ல திரும்ப மயக்க ஊசி போட்டு, லாரியில ஏத்தி, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போய்ட்டாங்க. லாரி போறப்ப ரோட்டோரம் நின்னு அழுதவங்களும் உண்டு, சனியன் தொலைஞ்சுதுன்னவங்களும் உண்டு. எங்க அத்தை ரெண்டும் செஞ்சாங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அம்மாச்சியை வைகை அணைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். எண்பத்து மூணு வயசு. பாலத்துல நின்னு தண்ணியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. 71 அடியில 66க்கு மேல இருக்குன்னு பக்கத்துல யாரோ சொன்னாங்க. சும்மா இருக்காம, "தாத்தா மலையில எந்தப் பக்கம் போவாரு அம்மாச்சி?"ன்னு கேட்டேன். மேற்கே கையைக் காட்டினாங்க. அப்புறம், "அந்தாளு போனா பத்து நாளு வரமாட்டாரு. ஆத்துத் தண்ணி கலங்கி வந்தா மேல மழைன்னு தெரியும், அன்னிக்குச் சோறு எறங்காது"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. மீன் வாங்கிக் கொடுத்தேன், முள்ளு எடுத்துக் கொடுக்கச் சொல்லிச் சாப்பிட்டாங்க.

டிரங்குப் பெட்டி இன்னும் கூடலூர்லதான் இருக்கு. வாசனை போயிருச்சு. அண்ணன் மகன் கிரிக்கெட் மட்டை போட்டு வெச்சிருக்கான்.